அஞ்சறைப்பெட்டி போன்

தனக்கொடிக்குப் பயமே கிடையாது என்று சொன்னால் அது பொய். பல்லியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்பாள். ஊசி போட வேண்டும் என்றால் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஆனால் மனிதர்களுக்குப் பயந்து நான் அவளைப் பார்த்ததில்லை. சாரம் பகுதியில் அவள் வீட்டுக்கு எதிரே கீழே என் ஜெராக்ஸ் கடை, மேலே என் குடித்தனம். அவள் அடுப்பில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும், அவ்வளவு பக்கம். அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் சொந்தபந்தம் தங்கும் ஒரு சின்ன லாட்ஜில் அவளுக்கு வேலை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சாவி கொடுப்பாள். அறை இல்லை என்றால் இல்லைதான், யார் சிபாரிசோடு வந்தாலும் சரி. ஆனால் விழுப்புரம் பக்கமிருந்து கையில் ஸ்கேன் உறையும் கண்ணில் தூக்கமுமாக பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்களுக்கு, இல்லாத அறை எங்கிருந்தோ வந்துவிடும். முதலாளி கேட்டால், "அப்ப நீங்களே வந்து ஒக்காந்து அவுங்க மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்லுங்க சார்" என்பாள். அவர் இதுவரை வந்து உட்கார்ந்ததில்லை.

அந்த மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பொருளை வைத்திருந்தாள். முன்பக்கம் பார்த்தால் செல்போன். திருப்பினால் அலுமினியச் சட்டத்துக்குள் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒன்றாகச் சொருகிய துண்டுகள். ஒரு மூலையில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு. பொட்டுக்குப் பக்கத்தில் சந்தனத்தாலேயே இழுத்த ஒரு குட்டிச் சிலுவை. இதன் கதையைச் சொல்லாமல் தனக்கொடியின் கதையைச் சொல்ல முடியாது.

பத்து வருஷத்துக்கு முந்தைய சங்கதி. ஊருக்கு மேற்கே தொழிற்பேட்டையில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பொருள் செய்து கொடுக்கும் ஒரு ஃபாக்டரியில் தனக்கொடி, சின்னப்பொண்ணு, சூசைமேரி, நிர்மலா நான்கு பேரும் ஒரே மேசையில் வேலை பார்த்தார்கள். அவர்களிடம் ஒரு புது மாதிரி போன் வந்து சேர்ந்தது. கேமரா கெட்டால் கேமராத் துண்டை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் சொருகிக்கொள்ளலாம். பேட்டரி போனால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். ஒரு கோளாறுக்காக முழு போனையும் தூக்கி எறிய வேண்டாம். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. எங்கள் பெண்கள் பார்த்த அன்றே அதற்கு அஞ்சறைப்பெட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பரிசோதனைக்காகக் கொஞ்சம் செய்து காட்ட வேண்டும், சரியாக வந்தால் அப்புறம் ஊர் உலகத்துக்கெல்லாம் செய்யலாம் என்பது ஏற்பாடு. பேட்டரித் துண்டு சின்னப்பொண்ணு கையில், கேமரா சூசைமேரி கையில், ஸ்பீக்கர் நிர்மலா கையில். எல்லாவற்றையும் வாங்கிச் சட்டத்தில் பூட்டி, திரையில் வெளிச்சம் வரவைப்பது தனக்கொடி. கம்பெனி ரகசியம், வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. தெரியாதது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

ஆயுத பூஜை வந்தது. மற்ற ஃபாக்டரிகளைப் போலவே இங்கேயும் மிஷின்களைத் துடைத்து, ஸ்க்ரூ டிரைவரிலிருந்து தள்ளுவண்டி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு படையல் போட்டார்கள். பொட்டு வைக்கும் வேலை தனக்கொடிக்கு. வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவள், வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்காகத் துடைத்து எடுத்து வைத்திருந்த போனுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

"யக்கா, அது ஆயுதமா?" என்று நிர்மலா பதறியிருக்கிறாள்.

"சோறு போடுது இல்ல? அப்ப ஆயுதந்தான்."

சூசைமேரி சும்மா இருப்பாளா? "எங் கேமராவுந்தான அதுக்குள்ள இருக்குது? நவுரு" என்று சந்தனத்தைத் தொட்டு ஒரு சிலுவை போட்டுவிட்டாள்.

சந்தனம் கொஞ்சம் தண்ணியாக இருந்திருக்கிறது. இரண்டு நாள் லீவு முடிந்து வந்து பார்த்தால், அது இடுக்கில் இறங்கிக் காய்ந்துபோய், துண்டை உருவினால் மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மேலாளர் புருஷோத்தமன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கழிவு என்று ஒதுக்கிய பொருளை நசுக்கும் மிஷினில் போட வேண்டும் என்பது சட்டம். மிஷின் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார்.

"பூஜ பண்ண பொருளும்மா இது. இதப் போயி எப்படிம்மா நசுக்கறது? பத்தாததுக்கு சிலுவ வேற போட்டு வச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் இல்ல நான் மாட்டிக்குவேன்?"

கணக்கில் கழித்துவிட்டு, கேட்டில் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்து, அதைத் தனக்கொடியின் கையிலேயே திணித்தார். "பொட்டு வச்சது நீதான? நீயே வூட்டுக்குக் கொண்டு போ. எங் கண்ணுல காட்டாத" என்றார். இப்படித்தான் அது அவளுடையதாயிற்று. திருடியதில்லை, கேட்டு வாங்கியதும் இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் பலபேர் பலவிதமாகப் பேசினார்கள்.

பொங்கல் முடிந்ததும் அந்தப் போனே வேண்டாம் என்று கம்பெனி கைவிட்டுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஒரு துண்டை மாற்றி அதே போனை வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டால் புதுப்போன் எவன் வாங்குவான்? வெளிநாட்டு ஆட்கள் வந்து நின்று, செய்ததையெல்லாம் எண்ணிப் பார்த்து, கண்ணெதிரே மிஷினில் போட்டு நொறுக்கினார்கள். சின்னப்பொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாளாம். கணக்கிலேயே இல்லாததால் பொட்டு வைத்தது மட்டும் தப்பித்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நான்கு பேரையும் வேலையை விட்டு அனுப்பியபோது கொடுத்த சான்றிதழில் 'பேக்கிங் உதவியாளர்' என்று போட்டிருந்தது. அந்தப் போனை இங்கே செய்ததாகவே எங்கும் இருக்கக்கூடாதாம். தனக்கொடி வேறொரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போய், போன் செய்திருக்கிறேன் என்றாள். அங்கே உட்கார்ந்திருந்தவன் காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்தான். "பொட்டி ஒட்டுனதெல்லாம் போன் செஞ்சதாவாதும்மா." பொருளையே எடுத்துக்கொண்டு பழைய ஃபாக்டரிக்குப் போனாள். புருஷோத்தமன் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், அப்படி ஒரு போன் இங்கே செய்யப்பட்டதே இல்லை, எங்கே எடுத்தாயோ என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்குத்தான் என் கடைக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெராக்ஸ் மிஷின் மேல் அந்தப் போனை வைத்து, "நான் செஞ்சத நான் செய்யலன்னு சொல்றாங்க. எப்புடி சொல்லலாம்?" என்று அழுதாள். வேலை போனதற்கு அவள் அழவில்லை. சின்னப்பொண்ணின் நிலைமை இன்னும் மோசம். மாமியார் வீட்டில் இன்றுவரை அவளுக்குப் 'பொட்டி ஒட்டுறவ' என்றுதான் பேர். ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நாத்தனார் சிரிப்பாள். அதனால் அவள் வாயெடுப்பதையே விட்டுவிட்டாள்.

போன வருஷம் லாட்ஜில் பெங்களூர்க்காரர் ஒருவர் வந்து தங்கினார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். சாவி வாங்க வந்தவர் மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அதைப் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார். பேப்பர்வெயிட்டைப் போட்டோ எடுக்கிற ஆளும் உண்டா என்று தனக்கொடி தலையாட்டினாள். அவ்வளவுதான். படம் எங்கெங்கோ சுற்றி, ஒரு வாரத்துக்குள் லாட்ஜ் வாசலில் ஜோசப் ஆனந்த் வந்து இறங்கினார்.

ஜோசப் ஆனந்த் நம்மூர்க்காரர்தான். பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். விற்பனைக்கு வராமலே நின்றுபோன போன்களைச் சேர்ப்பது அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, பக்தி எல்லாம். அதிலும் இந்த மாதிரித் துண்டு துண்டாக மாட்டும் போன் என்றால் உயிர். வேலை செய்யாத பொருளைத் தேடித் தேடிச் சேர்க்க உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறதாம். எங்கள் வீட்டிலும் அப்படிச் சேர்ந்துதான் கிடக்கிறது, அதற்கு நாங்கள் வைத்த பேர் பரண்.

பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு போனைத் தூக்கினார். பச்சைக் குழந்தையைப் போல அவர் அதை ஏந்தியதை நானே பார்த்தேன், அன்றைக்குத் தனக்கொடிக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார். விற்பதற்கில்லை என்றாள். அப்படியானால் கண்காட்சிக்காவது கொடுங்கள், பீச்சுக்குப் பக்கத்துத் தெருவில் ஹால் எடுத்திருக்கிறேன், என்னிடம் இருப்பதையெல்லாம் வைக்கப்போகிறேன், நடுவில் இதை வைக்கிறேன் என்று கெஞ்சினார். அந்த ஆளின் ஆசை பொய்யில்லை. அதை நான் மறுக்க மாட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். இந்தக் கறைய மட்டும் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிடலாமா?"

"பொட்ட அழிக்கறதா? வெள்ளிக்கெழம அதுவுமா வந்து என்னா பேச்சு பேசறீங்க?"

"பர்தோன், பர்தோன். மன்னிச்சிடுங்க. வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"நான் ஒண்ணு சொல்லணும். இது இங்க செஞ்சது. செஞ்சவங்க நாங்க நாலு பேரு. எங்க பேர அதுங் கீழ எழுதி வைக்கணும். பொட்டி ஒட்டுறவங்கன்னு இல்ல. செஞ்சவங்கன்னு."

"வுவாலா! கண்டிப்பா" என்றார் ஜோசப் ஆனந்த். தலையை ஆட்டிய வேகத்தில் கண்ணாடி கழன்று விழப் பார்த்தது.

தனக்கொடி மற்ற மூன்று பேருக்கும் சொல்லி அனுப்பினாள். சின்னப்பொண்ணு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். "என்னாத்துக்குக்கா, போனது போச்சி" என்றாளாம். "உம் பேரு எழுதி கண்ணாடிப் பொட்டியில வைக்கறாங்கடி. உன் நாத்தனாரையும் இட்டுகினு வா" என்று தனக்கொடி போனிலேயே சத்தம் போட்டாள். கண்காட்சி ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை சின்னப்பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். நாத்தனார் வரவில்லை. போட்டோ எடுத்து வா, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நானும் அவர்களோடு போனேன். ஹாலில் ஏசி ஜிலுஜிலுவென்றிருந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் விளக்கு போட்டு, கைவிடப்பட்ட போன்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக் கிடந்தன. பெரிய மனிதர்கள் பழச்சாறு குடித்தபடி மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வாசலில் நின்ற பெண், கேட்டரிங் ஆட்கள் பின்பக்கம் போகணும் என்றாள். அதைத் தனக்கொடி சட்டை செய்யவில்லை. நடுவில் தனியாக நின்ற பெட்டியை நோக்கி நேராகப் போனாள்.

அவர்கள் போன்தான். ஆனால் பொட்டும் சிலுவையும் அடியில் மறையும்படி மல்லாக்கப் படுக்க வைத்திருந்தது. கீழே இருந்த அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். 'வெளிநாட்டு ஆய்வகத்தில் பொறியாளர்கள் கையால் உருவாக்கிய மாதிரி. உலகில் எஞ்சியிருப்பது இது ஒன்றே.' அவ்வளவுதான். சின்னப்பொண்ணு அட்டைக்குப் பின்னால் வேறு அட்டை ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"எங்க பேரு எங்க சார்?" என்றாள் தனக்கொடி. ஹாலில் எல்லோருக்கும் கேட்டது.

ஜோசப் ஆனந்த் ஓடி வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், ப்ளீஸ், புரிஞ்சிக்குங்க. லேப்ல இன்ஜினியருங்க செஞ்சாத்தான் ப்ரோட்டோடைப். ஃபாக்டரி லைன்ல செஞ்சதுன்னா அது வெறும் ரிஜெக்ட். என்ன மாதிரி சேக்கறவங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. உங்க பொருளோட மதிப்புக்காகத்தான் இப்புடிப் போட்டேன்."

"எங்க பேரப் போட்டா மதிப்பு கொறஞ்சிடுமா?"

அவர் சுற்றி நின்ற பெரிய மனிதர்களைத் திரும்பிப் பார்த்தார். அதைவிட ஒரு பதில் வேண்டுமா?

"தொறங்க."

"மேடம், ப்ரெஸ் வந்திருக்காங்க..."

"எம் பொருளு. சாவிய எடுங்க."

தினமும் நூறு பேரிடம் சாவியை எண்ணி வாங்குகிறவள் கேட்கிறாள், கொடுக்காமல் இருக்க முடியுமா? பூட்டைத் திறந்துவிட்டுக் கையுறையைத் தேடினார். அதற்குள் தனக்கொடி வெறுங்கையை உள்ளே விட்டுப் போனை எடுத்துவிட்டாள். ஹாலில் யாரோ 'ஐயோ' என்றார்கள். அவள் முந்தானையில் போனைத் துடைத்தபடி வெளியே நடந்தாள். நாங்களும் நடந்தோம். வாசலில் நின்றவள் இந்தத் தடவை வழி விட்டாள்.

வெளியே வந்ததும் சூசைமேரி, "இப்ப என்னாடி பண்றது? வூட்டுக்கே போயிடலாமா?" என்றாள். தனக்கொடிக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. தெருமுனையில் கடல் தெரிந்தது. "பேரு போடாட்டி போவட்டும். நமக்கு வாயில்லையா?" என்று பீச்சைப் பார்க்க நடந்தாள்.

சாயங்கால வேளை, கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சுண்டல்காரம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கிப் போட்டு, போனைப் பொட்டு தெரிகிற மாதிரி வைத்தாள். அப்புறம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற தொண்டையில் ஆரம்பித்தாள்.

"வாங்க, வந்து பாருங்க! கடைக்கே வராத போனு! இந்த ஊர்ல செஞ்சது! நாங்க செஞ்சது!"

முதலில் சிரித்தார்கள். அப்புறம் நின்றார்கள். நின்றவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். தொப்பி போட்ட சுற்றுலாக்காரர் ஒருவர் விலை என்ன என்று கேட்டார். "விக்கறதில்ல. தொட்டுப் பாருங்க" என்றாள் தனக்கொடி. போனைக் கையில் எடுத்து, சட்டத்தின் அடியிலிருந்த சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. ஸ்பீக்கரை நிர்மலாவிடம் கொடுத்தாள், கேமராவைச் சூசைமேரியிடம், பேட்டரியைச் சின்னப்பொண்ணிடம். "அவங்கவங்க செஞ்சத அவங்கவங்க காட்டுங்கடி."

ஜோசப் ஆனந்த் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் இன்னும் கையுறை இருந்தது. "மேடம், கை படக்கூடாது! வேர்வ பட்டா போச்சு! உலகத்துலயே இது ஒண்ணுதான்!"

"எங்க கை படாமலா சார் இது பொறந்துச்சி?"

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். எண்ணெய்க் கையும் ஐஸ்க்ரீம் கையுமாகத் துண்டுகள் ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார். அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான்.

சூசைமேரியும் நிர்மலாவும் சந்தைக்கடை மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னப்பொண்ணு மட்டும் பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் அவளிடம் வந்து, "இது என்னாதுக்கா?" என்று கேட்டாள்.

"பேட்டரி" என்றாள் சின்னப்பொண்ணு. கொஞ்சம் பொறுத்து, "நான் செஞ்சது" என்றாள். அது காதில் விழவில்லை போலிருக்கிறது, அந்தப் பெண் என்ன என்று மறுபடி கேட்டாள். "நான் செஞ்சதுங்க! எம் பேரு சின்னப்பொண்ணு!" என்று கத்தியே விட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பேட்டரி அவள் கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது, அங்கிருந்து இன்னொன்றுக்கு.

இருட்டத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தது. ஸ்பீக்கர் திரும்பி வந்தது. கேமரா வந்தது, அதில் சுண்டல் தேங்காய் ஒட்டியிருந்தது. பேட்டரி வரவில்லை. ஸ்டூலுக்கு அடியில் தேடினோம், கல்லிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஜோசப் ஆனந்த் கையுறையோடு மண்டியிட்டுத் தேடினார். எவனோ, எவளோ, கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

"போச்சு" என்றார் அவர். கையுறையைக் கழற்றினார். "இனிமே இது முழுசு கெடையாது. எவ்ளோ பெரிய நஷ்டம் தெரியுமா உங்களுக்கு?"

தனக்கொடி சின்னப்பொண்ணைப் பார்த்தாள். நாங்கள் எல்லோருமே அவளைத்தான் பார்த்தோம், அழுதுவிடுவாள் என்று. அவள் புடவைக் கொசுவத்தை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"நஷ்டம் என்னா சார்? ஜனங்க வூட்டுக்கு எடுத்துகினு போவத்தான நாங்க செஞ்சோம்? அத்தன செஞ்சோம், ஒண்ணுகூட ஒரு வூட்டுக்கும் போவல. இன்னிக்கித்தான் போயிருக்குது" என்றாள்.